பிரேக்கை மிதித்த கால்

மோதப்போகிறோம் என்று தெரிந்த நொடியில் எந்த ஓட்டுநரும் யோசித்துக்கொண்டிருப்பதில்லை. வலது கால் தானாகப் பிரேக்கை ஏறி மிதிக்கிறது. முழங்கால் விறைத்து நிற்க, உடம்பின் மொத்த பலமும் பாதத்தில் இறங்குகிறது. வண்டியின் மூக்கு நசுங்கும்போது பெடலும் அதன் கீழிருக்கும் தகடும் உள்ளே ஏறி வருகின்றன. அதே நேரத்தில் உடம்பு முன்னால் பாய்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது கணுக்கால்.

சீட் பெல்ட் மார்பைப் பிடித்துக்கொள்கிறது. ஏர்பேக் தலையைத் தாங்குகிறது. பாதம் இருக்கும் இடத்தில் பெரும்பாலான கார்களில் அப்படி ஒரு காவல் கிடையாது. முன்பு உயிர் போயிருக்கக்கூடிய மோதல்களில் இன்று பலர் பிழைத்து வருகிறார்கள். ஆனால் கணுக்காலை உடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியல்ல. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு ஊரின் பிழைப்பு பெங்களூருக்கு நகர்ந்துவிட்டது. விடியற்காலையில் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ரயிலேறி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். சாலையை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநர்களும் உண்டு. ஹொஸ்கோட்டேயில் தொடங்கும் பெங்களூரு - சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஏறத்தாழ 71 கிலோமீட்டர், மாலூர், பங்காருப்பேட்டை, பேத்தமங்கலம் வழியாகத் தங்கவயலை ஒட்டித்தான் போகிறது. வேகம் கூடிய சாலையில் விபத்தின் அடியும் கூடும். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இறந்தவர்கள் 1,68,491 பேர். காயத்தோடு தப்பியவர்கள் 4,43,366 பேர். இந்தக் கடைசிக் கணக்கில் வருகிறவர்களின் கதையைத் தலைப்புச் செய்திகள் தொடர்வதில்லை.

மூன்று எலும்பும் ஒரு பொருத்தும்

கணுக்கால் என்பது மூன்று எலும்புகளின் சந்திப்பு. முழங்காலிலிருந்து இறங்கும் பெரிய எலும்பும் சிறிய எலும்பும் கீழே இருபக்கமும் கவ்வி நிற்கின்றன. வெளியே தட்டுப்படும் இரண்டு முட்டிகளும் அவற்றின் முனைகள்தான். அந்தக் கவ்வலுக்குள் தாலஸ் என்ற எலும்பு, கட்டில் சட்டத்தின் துளையில் முளை இறங்கியது போல உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் நார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. இந்தப் பொருத்து ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே உள்ளே இருக்கும் குருத்தெலும்பு தேய ஆரம்பித்துவிடும். அதனால்தான் இடம் விலகிய முறிவுகளுக்கு மருத்துவர்கள் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துச் சரிசெய்கிறார்கள்.

தாலஸ் உடைவது அரிது. உடைந்தால் தொல்லை அதிகம். அதன் மேற்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பு மூடியிருப்பதால் ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைய இடம் குறைவு. முறிவில் அவையும் அறுந்தால் எலும்பின் ஒரு பகுதி பட்டுப்போகலாம். இந்த முறிவை முதலில் விரிவாகக் கவனித்தது கார் விபத்துகளில் அல்ல. முதல் உலகப் போரில் விழுந்து நொறுங்கிய விமானங்களின் ஓட்டிகளிடம் இதைப் பார்த்த ஆண்டர்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், 1919-ல் 'விமானியின் தாலஸ்' என்ற பொருளில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். விமானி காலால் அழுத்திப் பிடித்திருந்த கட்டை செய்த வேலையை இன்று பிரேக் பெடல் செய்கிறது.

எல்லா அடியும் முறிவல்ல. வெறும் நார் கிழிசலாகவும் இருக்கலாம். வீக்கத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் இதற்கு ஓர் எளிய விதி வகுத்தார்கள். அடிபட்டவுடனும், மருத்துவமனைக்கு வந்த பிறகும், நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டிகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். உலகின் பல அவசரப் பிரிவுகளில் இன்றும் இதுதான் நடைமுறை. ஆனால் கார் விபத்தில் சிக்கியவருக்கு வேறு இடங்களிலும் அடி இருக்கக்கூடும். அவர் நடந்து பார்த்துச் சோதித்துக்கொள்ளக் கூடாது; மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டு பிரித்த அன்று

இந்தப் பக்கத்தில் எலும்பு முறிவு என்றதும் பலர் வாயில் வரும் ஊர் புத்தூர். திருப்பதிக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஊரின் கட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பெயர் பெற்றது. அதன் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாடு முழுக்கத் தொங்குகின்றன. இடம் விலகாத சிறு முறிவு எந்தக் கட்டிலும் கூடிவிடக்கூடும். கணுக்கால் போன்ற மூட்டில், அதுவும் காரின் வேகத்தில் உடைந்ததில், அந்த நம்பிக்கை போதாது. எக்ஸ்ரே பார்க்காமல் எண்ணெய் போட்டு உருவுவது விலகிய துண்டை இன்னும் விலக்கும். இறுகிய கட்டுக்குள் விரல்கள் மரத்து, நீலம் பாரித்து, தாங்க முடியாத வலி எடுத்தால் அது எந்த வைத்தியர் போட்ட கட்டானாலும் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாத ஆபத்து.

புண்ணும் அப்படித்தான். கணுக்காலைச் சுற்றிச் சதை கிடையாது. தோலுக்கு அடியில் உடனே எலும்பு. அங்கே புண்ணைக் கவனிக்காமல் விட்டால் காலே போகலாம். 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்தில் காலில் அடிபட்ட பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரனுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். காயம் அழுகிப்போய் வலது காலின் கீழ்ப்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

மாவுக்கட்டு பொதுவாக ஆறு வாரம். அதைப் பிரிக்கும் நாளில் பலருக்கும் அதிர்ச்சிதான். கெண்டைக்கால் சதை வற்றிப்போய் மற்றக் காலில் பாதியாகத் தெரிகிறது. தோல் செதில் செதிலாக உரிகிறது. பாதம் சற்றே கீழ்நோக்கி விறைத்து நிற்கிறது. மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் மட்டும் அசைகின்றன. எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்கிறார் மருத்துவர். நோயாளி எழுந்து நிற்கிறார். கால் அவருடையது போலவே இல்லை.

இங்கேதான் பலருடைய சிகிச்சை நின்றுவிடுகிறது. பிசியோதெரபியின் முக்கால் பங்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

எடை மெஷினும் சைக்கிள் டியூபும்

உண்மையில் பிசியோதெரபி, கால் கட்டுக்குள் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். படுத்தபடி காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் உயர்த்தி வைப்பது, விரல்களை நாள் முழுக்க மடக்கி நீட்டுவது, முழங்காலை விறைத்துத் தொடைச் சதையை இறுக்கிப் பிடிப்பது, இடுப்பிலிருந்து காலைத் தூக்கி இறக்குவது. வீக்கம் குறையவும் ரத்தம் தேங்கி உறையாமல் இருக்கவும் இவை உதவும்.

எப்போது காலை ஊன்றலாம் என்பதில் மருத்துவமே மாறி வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் தரையில் கால் படக் கூடாது என்பது பழைய வழக்கம். பிரிட்டனின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்கள் ஆறு வாரம் காத்திருந்தவர்களுக்கு எந்த வகையிலும் குறையவில்லை என்று காட்டியது. இது எல்லா முறிவுக்கும் பொருந்தாது. தாலஸ் உடைந்தவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், நார்களும் சேர்ந்து அறுந்தவர்கள் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். முடிவு அறுவை சிகிச்சை செய்த மருத்துவருடையது. 'எப்போதிலிருந்து, எவ்வளவு எடை?' என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

எவ்வளவு எடை என்பதை வீட்டிலேயே பழகலாம். குளியலறை எடை மெஷினைத் தரையில் வைத்து, நல்ல காலைப் பக்கத்தில் அதே உயரமுள்ள பலகையில் ஊன்றி, அடிபட்ட காலை மெஷின்மேல் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். முள் 10 கிலோவுக்கு வரும்போது எப்படி இருக்கிறது என்பதைக் கால் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் 20 கிலோ. வாக்கரைப் பிடித்து நடக்கும்போது அந்த அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து மூட்டைத் திறப்பது. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டை விரலைப் பேனாவாக வைத்துக் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதச் சொல்வார்கள். தமிழ் எழுத்தின் சுழிகளில் கணுக்கால் எல்லாத் திசையிலும் திரும்பிவிடுகிறது. பாதத்தின் முன்பகுதியில் துண்டைக் கோத்துத் தன்பக்கம் இழுத்து, அரை நிமிடம் பிடித்து விடுவது இன்னொன்று. பலம் கூட்ட ரப்பர் பட்டை வேண்டும். இல்லாதவர்களுக்குப் பழைய சைக்கிள் டியூபே போதும். கட்டில் காலில் கட்டி, பாதத்தை நான்கு பக்கமும் அதற்கு எதிராக இழுக்க வேண்டும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்துவது, சில வாரம் கழித்து அடிபட்ட காலில் மட்டும் உயர்த்துவது. ஒற்றைக் காலில் குதிகாலை ஒழுங்காகத் தூக்க முடியாதவர் ஓட முயல்வது வீண் ஆபத்து.

பலரும் விட்டுவிடுவது சமநிலைப் பயிற்சி. கணுக்காலின் நார்களில், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. நார் கிழியும்போது அந்தத் தகவல் பாதையும் பழுதாகிறது என்பதை ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1965-லேயே எழுதினார்கள். எலும்பு கூடி, சதையும் திரும்பிய பிறகும் சிலருக்கு அதே கால் அடிக்கடி பிசகுவதற்கு இது முக்கியக் காரணம். மருந்து எளிது: பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. அது பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, நிற்பது.

இதற்கெல்லாம் தினமும் பணம் கட்டி பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் 214 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, சிக்கலில்லாத முறிவுக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னவர்களும், தொடர்ந்து மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள் என்று கண்டது. வாரத்துக்கு இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வர முடியாத தினக்கூலிக்காரருக்கு இது நல்ல செய்தி. ஆனால் அதில் 'தெளிவாகச் சொல்லிக்கொடுத்து' என்பதை விட்டுவிடக் கூடாது. ஓடி ஓடி நோயாளிகளைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவில் 'காலை ஆட்டுங்க' என்ற இரண்டு சொல் அதற்கு ஈடாகாது. சிக்கலான முறிவுகளுக்கு நேரடி மேற்பார்வை தேவை.

குந்தி எழுந்தால்தான் கணக்கு

கால் சரியாகிவிட்டது என்று எப்போது சொல்வது? மேலை நாட்டுப் புத்தகங்களில் நடை ஒரு முக்கிய அளவுகோல். சமதளத்தில் நடக்கப் பாதம் மேல்நோக்கி 10 டிகிரி மடங்கினால் ஏறத்தாழப் போதும். குதிகால் தரையில் பதியக் குந்தி உட்கார அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும்.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் வாழ்கிறவருக்கு இந்த வித்தியாசம் அன்றாடப் பிரச்சினை. கழிப்பறை, துணி துவைக்கும் கல், வீட்டுக்கு முன்னால் கோலம், தரையில் பந்தி எல்லாமே குந்தி எழ வேண்டியவை. விடிகாலை ரயிலின் படி உயரமானது. கூட்டத்தில் ஒற்றைக் காலை மேலே வைத்து உடம்பை ஏற்றியாக வேண்டும். 'நடக்கிறார், டிஸ்சார்ஜ்' என்று எழுதப்பட்ட நோயாளி வீட்டில் கழிப்பறைக்குப் போக முடியாமல் தவிப்பது இதனால்தான்.

இந்த உண்மையை முதலில் ஒரு பொருளாகவே செய்து காட்டியவர்கள் ஜெய்ப்பூரைச் சேர்ந்த கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும். அன்றைய வெளிநாட்டுச் செயற்கைப் பாதத்தின் கணுக்கால் மடங்கவில்லை. மாட்டிக்கொண்டவரால் குந்த முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் நடக்க முடியவில்லை. 1960-களின் கடைசியில் அவர்கள் ரப்பரில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்தது. சேத்திக்கு 1981-ல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு காலை இழந்த சுதா சந்திரன் ஜெய்ப்பூர் காலோடு மாதக்கணக்கில் வலியோடு பயிற்சி செய்து 1984-ல் மீண்டும் மேடையேறினார். அவர் கதை 1985-ல் 'மயூரி' என்ற தெலுங்குப் படமானது. அதில் நடித்ததும் அவரே. செயற்கைக் காலுக்கே இவ்வளவு யோசித்த நாட்டில், சொந்தக் கணுக்காலோடு திரும்பி வருகிறவருக்குக் குந்தும் பயிற்சியை யாரும் சொல்லித்தராமல் விடுவது நியாயமில்லை.

எவ்வளவு மடங்குகிறது என்று வீட்டிலேயே அளக்க ஒரு வழி உண்டு. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்தி, குதிகால் எழாமல் தொட முடிகிற கடைசித் தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளலாம். நல்ல காலில் 10 சென்டிமீட்டரும் அடிபட்ட காலில் 4 சென்டிமீட்டரும் வந்தால் இன்னும் வேலை பாக்கி. வாரம் ஒருமுறை அளந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஓட்டுநர்களின் கேள்வி வேறு: மறுபடி எப்போது ஸ்டீயரிங் பிடிக்கலாம்? அமெரிக்காவில் வலது கணுக்கால் உடைந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஓட்டுநர் இருக்கை போன்ற கருவியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், பிரேக் பிடிக்க எடுக்கும் நேரம் பழைய நிலைக்குத் திரும்ப ஒன்பது வாரம் ஆனது. கட்டுப் பிரித்த மறுநாளே டாக்சி எடுப்பவர் தன்னோடு பயணிகளையும் பணயம் வைக்கிறார்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு மருத்துவமனை

தங்கவயல்காரர்கள் பெரிய சிகிச்சைக்குக் கோலார், பெங்களூரு போவது போலவே ரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூருக்கும் போவது வழக்கம். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. அதன் பிறப்பே ஒரு வாகன விபத்தில்தான். 1954 ஜனவரியில் மருத்துவமனை நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வேன் கவிழ்ந்ததில் இளம் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்டின் ஊக்கத்தால் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது; 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை என்பதை இந்திய மருத்துவமனைகள் கற்றுக்கொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் பாடம் அரசுத் திட்டங்களில் பாதிதான் ஏறியிருக்கிறது. 2025 மே 5-ல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். காலவரம்பு 7 நாள். உயிர் காக்க அது பெரிய உதவி. ஆனால் மாவுக்கட்டே ஆறு வாரம் இருக்கும்போது பிசியோதெரபிக்கு அந்த ஏழு நாள் எட்டாது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. கோலார் மாவட்டத்தை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். சுரங்கம் இருந்த காலத்தில் நிறுவனத்தின் சொந்த மருத்துவமனையை நம்பியிருந்த தங்கவயலுக்கு, அதுவும் போன பிறகு, இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

நஷ்ட ஈட்டிலும் இதற்கு இடமுண்டு. ராஜ்குமார் - அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது முக்கியமானது: ஊனம் எத்தனை சதவீதம் என்பதும் வருமானம் எத்தனை சதவீதம் போனது என்பதும் ஒன்றல்ல. இடது கை போனால் தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போகலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம் என்று நீதிமன்றமே உதாரணம் காட்டியது. கணுக்கால் மடங்காத ஓட்டுநரும் அதே வாதத்தை வைக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தம் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்யச் சொல்கிறது. பிசியோதெரபி ரசீதுகள், போய்வந்த வண்டிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சான்று எல்லாவற்றையும் ஒரே கவரில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வீக்கம் மாலை நேரத்தில் வந்து போவது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையல் போட்ட இடத்தில் சீழ் வந்தாலோ, பாதம் நிறம் மாறித் தொட்டாலே எரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு எடை ஊன்றலாம், என்னென்ன பயிற்சி, அடுத்து பிசியோதெரபிஸ்டை எப்போது பார்ப்பது என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டில் இருப்பது இந்தியக் கழிப்பறை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.